ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மார்ச் 3, ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு,

பையில் கடிதத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட வேண்டாம். மருந்து விஷயம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் மருந்தில் ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்போம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேக்கரிக்காரரிடம் சொல்லி அனுப்பவும் மனம் வரவில்லை. ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் உங்களிடம் என்று ஞாயிறுதோறும் நாயை ஒருவர் கையிலிருந்து வாங்கி மற்றவர் கையில் ஒப்படைப்பதே அந்த மனுஷர் செய்கிற பெரிய உபகாரம். பிரிந்துபோன வீட்டு விவகாரத்தையும் அவர் தலையில் கட்டுவானேன். அதனால் மாப்பிள்ளையின் கழுத்துப் பையிலேயே போட்டுவிட்டேன். அவனே தபால்காரனாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை அவனை டாக்டரம்மாவிடம் காட்டினேன். எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் நடுங்குவதையும், படியைப் பார்த்தால் நின்று யோசிப்பதையும் வயசான சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அது சோம்பேறித்தனம் இல்லை. இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துபோயிருக்கின்றன. எக்ஸ்ரேயில் காட்டினார். வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் கரைந்துபோன சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. "நாய் வலிக்குதுன்னு கத்தாதும்மா. நடக்கிறதைக் குறைச்சுக்கும், அவ்வளவுதான்" என்றார். எத்தனை நாளாக வலியை வைத்துக்கொண்டு நம் இரண்டு பேருக்கும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தானோ. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதேன்.

இனி தினமும் காலையில் ஒரு மாத்திரை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு. ஒன்றே ஒன்றுதான். குணமாகாது, ஆனால் வலி அடங்கியிருக்கும் என்றார். பாவம் துடிக்கிறானே என்று நாம் போடுகிற வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷம். வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, கறுப்பாக வெளிக்குப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுத் தரை வழுக்கும், ஏதாவது விரியுங்கள். உடம்பு வேறு இறங்க வேண்டுமாம். உங்கள் தட்டிலிருந்து ஊட்டிவிடுகிற செல்லமெல்லாம் இதோடு போதும்.

ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. உங்கள் பிரஷர் மாத்திரையையே நான் தண்ணீரோடு எதிரில் வந்து நின்றால்தான் போடுவீர்கள். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மாத்திரை அட்டை பையில் இருக்கிறது.


மார்ச் 10, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு,

உன் உத்தரவு கிடைத்தது. படித்து முடித்ததும் எழுந்து நின்று சல்யூட் அடிக்கலாமா என்று யோசித்தேன். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்று. உன் மாத்திரை அட்டை அப்படியே திரும்பி வருகிறது, ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை. அன்றைக்கே அதே டாக்டரம்மாவிடம் போய் அதே மாத்திரையை நானே வாங்கிவிட்டேன். என் மாப்பிள்ளைக்கு மருந்து வாங்க எனக்கு வக்கில்லையா என்ன? உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று இருக்கட்டும். யாரும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது என் மறதி. உனக்கு வீட்டுக்காரன் ஆவதற்கு முன்னாலிருந்தே நான் லிப்ட் மெக்கானிக். கயிற்றில் தொங்குகிற பெட்டிக்குள் ஜனங்கள் என்னை நம்பித்தான் ஏறுகிறார்கள். மேலே மோட்டார் அறையில் நான் இருப்பேன், கீழே குழிக்குள் என் கூட்டாளி இருப்பான். "ஆச்சா?" என்று நான் கத்தி, "ஆச்சு" என்று அவன் குரல் மேலே வராமல் ஸ்விட்சில் கை வைத்தது கிடையாது. ஒருத்தன் விரல் நகத்துக்கும் என்னால் சேதம் வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் பூட்டிய கதவை நீ மறுபடி போய் இழுத்துப் பார்ப்பாய். அணைத்த அடுப்பைக் குனிந்து பார்ப்பாய். பார்த்துப் பார்த்தே என்னை வீட்டுக்குள் ஒரு சின்னப் பையனாக ஆக்கிவிட்டாய். (நீ உப்புப் போட மறந்திருப்பாய் என்று நானும் போட்டு, இரண்டு உப்பில் சமையலை யாரும் வாயில் வைக்க முடியாமல் போனதே, அது என் பங்கு. மாப்பிள்ளைகூட முகர்ந்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்த்தான்.)

சரி, சந்தோஷமான சங்கதிக்கு வருகிறேன். மாத்திரை வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்த அந்தச் சிவப்புப் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். போன மழைக்காலத்துக்குப் பிறகு அவன் அந்தப் பந்தைத் தொட்டதே இல்லை. நான் ஒரு பூட்ஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலை நடக்கிற கட்டிடத்தில் கழற்றிப் போட்ட ரப்பர் விரிப்பைக் கேட்டு வாங்கி வந்து அறை, கூடம் எல்லாம் ஒட்டியிருக்கிறேன். வாசல் படிக்கு ஒரு சாய்பலகை செய்துகொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை கொஞ்சம் வாந்தி எடுத்தான். உடனே டாக்டரிடம் ஓடாதே. மறுநாளே சரியாகிவிட்டது. மருந்து சேரவில்லை என்றால் தினமும் அல்லவா எடுக்க வேண்டும்? வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஏக்கம்தான். உன்னை விட்டு வந்தால் அவனுக்கு ஒரு நாள் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. எனக்குக்கூடத்தான் ஆரம்பத்தில் இருந்தது, அதை யார் கேட்டார்கள்.


மார்ச் 17, ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு,

ஏக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இங்கே வந்த மறுநாளும் ஏன் வாந்தி எடுத்தான்? உங்களை நினைத்தா? எனக்குச் சந்தேகம் வேறு. ஞாயிற்றுக்கிழமை அனுப்பும்போது வழியனுப்பு விருந்து என்று ஏதோ ஊட்டி அனுப்புகிறீர்கள். பிஸ்கட்டா, உங்கள் தட்டில் மிஞ்சிய எண்ணெய்ப் பண்டமா, எனக்குத் தெரியாது. உங்கள் கண்ணைப் பார்த்து அவன் கெஞ்சினால் உங்களுக்கு மனம் இளகிவிடும். என்னிடம்தான் இளகாது.

அந்தப் பந்து விஷயத்தை நாலு தடவை படித்தேன். சண்டை போடத்தான் உட்கார்ந்தேன், அந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. இங்கேயும் நன்றாக இருக்கிறான். புதன்கிழமை நான் பல் செட்டுக்கு மெழுகு வார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் வேலை குவிந்துவிட்டது என்று வீட்டுக்கே எடுத்து வந்திருந்தேன். மேஜையில் வரிசையாக யாரோ முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்கள். இவன் தானாக எழுந்து வந்து நாற்காலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டிப் பார்த்தான். முன்னங்காலைத் தூக்கினால் உடம்பு பாரமெல்லாம் பின்னங்காலில் அல்லவா இறங்கும்? நடுங்கவே இல்லை. "யாருக்குடா பொண்ணு பார்க்கிறே, எல்லாம் பொய்ப் பல்லுடா" என்றேன். தனியாகச் சிரித்தேன். சிரித்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

கதவை இழுத்துப் பார்ப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு தடவை நீங்கள் பூட்டாமல் போய், குட்டியாக இருந்த இவன் தெருவில் வண்டிகளுக்கு நடுவில் நின்றானே, அன்றைக்கு யார் ஓடினார்கள்? அந்த நிமிஷத்திலிருந்துதான் என் கை தானாகக் கதவுக்குப் போகிறது. உங்களைச் சின்னவராக்க அல்ல. எனக்கு நெஞ்சு படபடக்கிறது, அவ்வளவுதான். இதை ஒரு நாளும் உங்களிடம் சொன்னதில்லை.

மாத்திரை இங்கே ஒரு நாளும் தவறுவதில்லை. உங்களுக்கும் சேர்த்து நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.


மார்ச் 24, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு,

விருந்தும் இல்லை, எண்ணெய்ப் பண்டமும் இல்லை. சத்தியம் செய்யச் சொன்னால் அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். போன ஞாயிறு இங்கே வந்ததும் நான் கையில் வைத்து ஊட்டிய ரொட்டித் துண்டை மட்டும்தான் வாங்கிக்கொண்டான். அதன் பிறகு வைத்த சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கள் வழக்கம் போல. செவ்வாய்க்கிழமை தட்டை நக்கிச் சுத்தம் செய்துவிட்டான். இரண்டு வீட்டுக்கும் அலைவது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. நம் சண்டைக்கு நாம் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டோம். நடக்கிறவன் அவன் அல்லவா? தேய்ந்த இடுப்பை வைத்துக்கொண்டு.

நெஞ்சு படபடக்கும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது தெரியாது. நிஜமாகவே தெரியாது. என் மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் இத்தனை காலம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

சாய்பலகை முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் விளிம்பு வைத்து, மேலே ரப்பர் அடித்து, ஆணித் தலை ஒன்றுகூட வெளியே தெரியாமல் செய்திருக்கிறேன். முதல் நாள் அவன் ஏறவே இல்லை. பக்கத்தில் நின்று பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் நானே நாலு காலில் ஏறிக் காட்டினேன். மேல்வீட்டு டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்தார். மானம் போனது போகட்டும், மாப்பிள்ளை ஏறிவிட்டான். ஏறி நின்று என்னைக் கீழே பார்த்தான் பார், பெரிய துரை மாதிரி.

அதை நீ பார்க்க வேண்டும். கடிதத்தில் எழுதினால் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரி வரை வருகிறவள், இன்னும் இரண்டு தெரு தள்ளி வந்தால் என்ன? வற்புறுத்தவில்லை. கேட்கிறேன்.


மார்ச் 31, ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன், அதனால் சுருக்கமாகவே இருக்கும்.

அடுத்த ஞாயிறு அவனைப் பேக்கரியில் விட வேண்டாம். நானே வீட்டுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். உங்களோடு பேச வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பலகையைப் பார்க்க வருகிறேன். நீங்கள் நாலு காலில் ஏறுகிற காட்சி கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் வருகிறேன். வரும்போது பேசவும் நேர்ந்தால் பேசலாம்.

மாப்பிள்ளை இளைத்திருக்கிறான், கவனித்தீர்களா? கழுத்துப் பட்டையை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டேன். டாக்டரம்மா உடம்பு இறங்க வேண்டும் என்று சொன்னாரே, இறங்கிவிட்டது. மூட்டுக்குப் பாரம் குறையும். இந்த வாரம் கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறான். நிம்மதியாகத் தூங்கட்டும், வலியில்லாமல் தூங்கி எவ்வளவு காலமாயிற்று.

காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டான். பை எடுத்ததைப் பார்த்துவிட்டான், அதுதான். வீடு போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு என்ன புடவை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில். சிரிக்காதீர்கள்.


ஏப்ரல் 14, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு,

இனி உன்னை இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு நீ கழுத்துப் பட்டையை எடுத்துக்கொண்டாய், பை என்னிடம் வந்தது. அதற்குள் இதை வைத்துப் பேக்கரிக்காரரிடம் கொடுக்கப் போகிறேன். போன ஞாயிறும் போய் நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

புதன்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவன் பலகையின் நடுவில் படுத்திருந்தான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஈறு வெள்ளையாக இருந்தது. பின்னாலெல்லாம் தார் ஊற்றியது போல் கறுப்பு. உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்த கறுப்பு. கண்ணால் பார்க்கிற வரைக்கும் அது எனக்கு ஒரு வார்த்தையாகத்தான் இருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டுதான் உனக்குப் போன் செய்தேன். நீ எடுப்பாய் என்று நினைக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தாய்.

மற்றதெல்லாம் உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வயிற்றுக்குள் புண் வெடித்து ரத்தம் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். தினமும் எப்போது கொடுப்பீர்கள், சாப்பாட்டோடா, வேறு மருந்து உண்டா. "ஞாயித்துக்கிழமை கை மாத்துறீங்களே, அன்னைக்கு யார் குடுக்கிறது?" என்றார்.

"நான்தான்" என்றோம். இரண்டு பேரும். ஒரே நேரத்தில். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, பெருமையாகச் சொன்னோம்.

உன் வீட்டிலிருந்து வருகிற ஞாயிறு, லேபுக்கு ஓடுகிற அவசரத்தில் நீ விட்டிருப்பாய் என்று, அவனைப் பேக்கரியிலிருந்து கூட்டி வந்ததும் சாப்பாடு வைப்பதற்கு முன்பே ரொட்டிக்குள் வைத்து நான் கொடுத்தேன். என் வீட்டிலிருந்து வருகிற ஞாயிறு, நான் மறந்திருப்பேன் என்று நீ கொடுத்தாய். அவன் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டான். நம் கையிலிருந்து எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் அவன். ஆளுக்கொரு அட்டை வேறு. ஒரே அட்டையாக இருந்திருந்தால் தீர்ந்துபோகிற வேகத்தைப் பார்த்தாவது தெரிந்திருக்கும். அந்த அட்டையை ரோஷமாகத் திருப்பி அனுப்பியவன் நான்.

இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். சரியான அளவில் கொடுத்தாலே சில நாய்களுக்கு இப்படி ஆகிவிடுமாம், அதுவும் வயசானதுக்கு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வீடு வரை வந்தேன். பலகையைப் பார்த்ததும் அது பிடி நழுவிவிட்டது.

இனி வலி வேண்டாம் என்று கடைசி ஊசி போடும்போது அவன் தலைக்கடியில் என் கை இருந்தது, வயிற்றின் மேல் உன் கை. அவன் உன்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி உன்னைப் பார்த்தான். இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்த்து எத்தனை நாளாயிற்றோ அவனுக்கு. வாலைத் தூக்கப் பார்த்தான். நீயும் அதைப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் வெளியே போய்விட்டாய்.

வேலைக்குப் போகிறேன். "ஆச்சா?" என்று கத்துகிறேன். கீழேயிருந்து "ஆச்சு" என்று வருகிறது. அதன் பிறகும் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுகிறேன். யார் யாரோ ஏறுகிற லிப்டுக்காக நான் ஆயுசு முழுக்கக் கேட்ட ஒரு வார்த்தை. அதை அவனுக்காக உன்னிடம் ஒரு தடவை கேட்கவில்லை.

பலகை வாசலிலேயே இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை. வருவதாக இருந்தால் வா.


ஏப்ரல் 21, ஞாயிறு

உங்களுக்கு,

பையைப் பேக்கரியில் வாங்கிக்கொண்டேன். உள்ளே அவன் முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. உங்கள் வீட்டிலிருந்து வந்த ஞாயிறுகளில் அவன் வாயைத் திறந்து மாத்திரை வைத்த கை என் கைதான். சாப்பாடு இறங்கவில்லை என்று தெரிந்தும் வைத்தேன். அவன் இளைத்தபோது சந்தோஷப்பட்டேன். பட்டையில் அந்த உள்துளை இன்னும் விரிந்தே இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

மெழுகு வார்க்க உட்கார்ந்தால் நாற்காலியைப் பார்க்கிறேன். லேபில் என்னைக் கடைக்குட்டி என்று கூப்பிடுகிற பெரியவர் போன வாரம் என் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மேல் பல்லையும் கீழ் பல்லையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பார்க்காமலே முடிச்சிருக்கியே" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கழிவறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் ஒன்று மட்டும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. கடைசி மாதம் அவனுக்குக் கால் வலிக்கவில்லை. பந்தைக் கவ்வினான். நாற்காலியில் எட்டிப் பார்த்தான். பலகையில் ஏறி உங்களைத் துரை மாதிரி பார்த்தான். அந்த மாத்திரை அவனுக்கு நல்லதுதான் செய்தது, ஒன்றே ஒன்றாகக் கொடுத்த நாளெல்லாம். அதையும் நாம்தான் கொடுத்தோம். இதை நினைத்தால் ஆறுதலாகவும் இருக்கிறது, தாங்கவும் முடியவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். நான் வந்தால் அந்தப் பலகையைப் பார்ப்பேன். பார்த்தால் அழுவேன். நீங்களும் அழுவீர்கள். அழுது முடித்தால் சமாதானமாகிவிடுவோம். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். அவன் உயிரோடு இருந்தபோது செய்திருக்க வேண்டியதை, அவன் போன துக்கத்தில் சேர்ந்து உட்கார்ந்து செய்தால், அதற்கு அவனை விலையாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். என்றைக்காவது மனம் மாறுமா என்று எனக்குத் தெரியாது. இப்போது முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்த புடவையை மடித்து அடியில் வைத்துவிட்டேன்.

பை உங்களிடமே இருக்கட்டும். எழுத வேண்டும் போலிருந்தால் எழுதிப் பேக்கரியில் கொடுங்கள். கொண்டுவர அவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

காலையில் ஏழு மணி வாக்கில் கை தானாக மாத்திரை டப்பாவுக்குப் போகிறது. அங்கே யாரும் இல்லை. அப்போது உங்கள் ஞாபகம்தான் வருகிறது. எதிரில் தண்ணீரோடு வந்து நிற்க அங்கேயும் ஆள் இல்லை. போட்டிருக்க மாட்டீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்ளப் போவதில்லை. போட்டிருப்பீர்கள் என்றும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் கேட்கிறேன்.

பிரஷர் மாத்திரை போட்டாச்சா?